நாலாவது கிண்ணம்

1

சென்ற சனிக்கிழமை ஈஸ்ட் ஹாமில் எங்கள் வீட்டு முன்னறையில் பழைய பேப்பரை விரித்து, நடுவில் சின்ன காஸ் அடுப்பை வைத்து, பன்றி இறைச்சி அவித்துச் சாப்பிட உட்கார்ந்தோம். சைவக் குடும்பத்தில் பிறந்தவன் எழுத்தை இப்படியா தொடங்குவது என்று ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களில் சிலர் முகத்தைச் சுழிப்பீர்கள். சுழித்துக்கொள்ளுங்கள். பதினைந்து வருடமாக லண்டனில் இருக்கிறேன். இந்தப் பன்றிக் கதையை விட்டுவிட்டு இங்கத்தைய வாழ்க்கையைப் பற்றி நான் எதை எழுதினாலும் அது பொய்யாகத்தான் இருக்கும்.

சமைத்தது மகள் ஆரணி. பதினேழு வயது. ஹை ஸ்ட்ரீட் முழுக்க அலைந்தும் பன்றி கிடைக்காமல், அடுத்த ஊரான பார்கிங்குக்குப் போய் ஒரு வெள்ளைக்காரரின் இறைச்சிக் கடையில் வாங்கி வந்தாள். மெல்லிய சீவலாக வெட்ட வரவில்லை என்று இறைச்சியை ஃப்ரீசரில் இறுக வைத்து, பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் வெட்டினாள். மனைவி பவளம் தன்னுடைய கறிச்சட்டி ஒன்றையும் தொட விடவில்லை. லொஃப்டில் கிடந்த ஒரு பழைய அலுமினியச் சட்டியைக் கொடுத்து, வேலை முடிந்ததும் அதை அப்படியே குப்பையில் போட்டுவிடச் சொன்னாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை ஐயர் எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. என் தம்பி நேசனுக்கு அந்தியேட்டிச் சடங்கு செய்ய. அவன் செத்துவிட்டான் என்று எனக்கு இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. இருக்கிறான் என்றும் சொல்லவில்லை. எட்டு வருடம் பொறுத்துவிட்டேன், இனி ஏலாது என்று பவளம்தான் ஐயரிடம் நாள் கேட்டு வந்தாள். நான் ஓம் என்றால் என் தம்பி செத்தவன். இல்லை என்றால் எங்கள் வீட்டில் இன்னும் எத்தனை வருடம் இந்தப் பேய்க்கூத்து நடக்குமோ தெரியாது. அந்த ஓம் என் வாயில் வரவில்லை.

2

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரரை நம்பி வெளிக்கிட்ட எங்கள் பிள்ளைகள் அந்த நாட்களில் பாங்கொக்கிலும் மொஸ்கோவிலும் அறைகளில் அடைபட்டுக் கிடந்தார்கள். லண்டனில் ஒரு தமிழ் வீட்டின் தொலைபேசி இலக்கம் யாரோ ஒருவனின் சட்டைப்பையில் இருந்தால் போதும், அது அறைக்கு அறை கைமாறும். கையில் சல்லி இல்லாதவர்கள் ஆகையால் எல்லாம் ரிவேர்ஸ் சார்ஜ் அழைப்புகள்தான். முதலில் ஒப்பரேட்டர் பேசுவாள். செலவை நீங்கள் ஏற்கிறீர்களா என்று எங்களைக் கேட்பாள். நாங்கள் ஓம் என்றால்தான் மற்றப் பக்கத்தில் நிற்கிறவன் கதைக்கலாம்.

தொடக்கத்தில் எல்லாவற்றுக்கும் ஓம் என்றோம். முன்பின் தெரியாத பிள்ளைகள், "அண்ணை, என்ரை மாமா ஹரோவிலை இருக்கிறார், ஒருக்கா சொல்லிவிடுவியளே?" என்று கெஞ்சும்போது யாருக்கு மனம் வரும் வைக்க? பிறகு பில்லைக் கட்டாவிட்டால் தொலைபேசியை வெட்டிவிடுவோம் என்று கடிதம் வந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. ரிவேர்ஸ் சார்ஜ் அழைப்பு ஒன்றையும் ஏற்கக்கூடாது என்று வீட்டில் ஒரு சட்டம் போட்டேன்.

அந்தச் சட்டத்தை ஆரணிக்கு நான்தான் பழக்கினேன். அவளுக்கு அப்போது எட்டு வயது. நான் படிக்கட்டில் நின்று மூக்கால் பேசி ஒப்பரேட்டராக நடிப்பேன். அவள் கீழே நின்று, கையில் சீப்பைத் தொலைபேசியாகப் பிடித்துக்கொண்டு, "நோ, தாங்க் யூ" என்று சொல்லிவிட்டு வைக்கவேண்டும். நான் கேள்வியை முடிக்குமுன் சொல்லிவிட்டால் சொக்லேட். கெட்டிக்காரி, இரண்டு நாளில் பிடித்துவிட்டாள். நானும் பவளமும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அடுத்த வருடம், தொண்ணூற்றொன்றில், நேசனை லண்டனுக்குக் கூப்பிட்டேன். அவனுக்கு இருபத்தாறு வயது. யாழ்ப்பாணத்தில் அந்த வயதுப் பிள்ளை வீட்டுக்குள் இருந்தாலும் பயம், வெளியில் போனாலும் பயம். ஏஜென்சி ஒன்றைப் பிடித்துக் கொடுத்ததும் நான்தான். கார்த்திகை தொடக்கத்தில் அவன் பாங்கொக் வந்து சேர்ந்துவிட்டதாகத் தகவல் வந்தது. அதே கிழமைதான் நான் வேலை செய்த தொழிற்சாலையில் என்னைக் கூப்பிட்டு, ஜப்பானில் இருந்து புது மெஷின் வருகிறது, பத்து நாள் போய் பழகிக்கொண்டு வா என்றார்கள்.

எனக்குத் தலை கால் தெரியவில்லை. அகதி என்று வந்தவன், ஏழு வருடமாக டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலைத் தவிர வேறு பயணம் அறியாதவன், ஜப்பானுக்குப் போகிறேன்! பயணப் புத்தகத்துக்காகக் குரோய்டனில் குடிவரவு அலுவலகத்தின் அந்தப் பெரிய கட்டடத்தின் முன் மழையில் நின்றேன். வழக்கமாக அங்கே போனால் ஒருவரோடும் கதைக்கமாட்டேன். அன்று முன்னால் நின்ற சோமாலியாக்காரருக்கு ஜப்பானைப் பற்றி வகுப்பே எடுத்தேன்.

வெளிக்கிடுகிற காலையில் ஒரு விஷயம் நினைவில் இருந்தது. ஆரணியிடம், சித்தப்பா எடுத்தால் மட்டும் யெஸ் சொல்லு என்று சொல்லவேண்டும். வாய்வரை வந்தது. அந்த நேரம் பார்த்து டாக்சிக்காரர் ஹோர்ன் அடித்தார். சூட்கேசைத் தூக்கினேன். பிள்ளையின் கன்னத்தில் கொஞ்சினேன். போய்விட்டேன்.

3

கதிர்காம மலையை மட்டும் கண்டவனுக்கு ஜப்பானின் ககோஷிமா ஊர் புதினமாகத்தான் இருக்கும். ஊருக்கு நேர் எதிரே கடலுக்குள் ஒரு எரிமலை, அது புகைந்துகொண்டே இருக்கிறது. சாம்பல் வந்து கொட்டுகிறது. சனங்கள் குடையைப் பிடித்துக்கொண்டு சந்தைக்குப் போகிறார்கள், வாசலைக் கூட்டுகிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புகிறார்கள். மலை வெடிக்கிற இடத்தில் இவ்வளவு நிம்மதியாக மனுசர் இருக்கலாமா என்று எனக்கு ஒரு பொறாமை வந்தது.

எனக்கு மெஷின் பழக்கியவர் நாகசோனோ என்கிற மனிதர். ஐம்பது வயதைத் தாண்டியவர். புத்தகத்தில் படித்த ஆங்கிலத்தை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பார். முதல் வாரம் முடிந்த சனிக்கிழமை மாலை, எங்கள் ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிடாமல் நீ போகக்கூடாது என்று ஒரு சின்னக் கடைக்குக் கூட்டிப் போனார். கறுப்புப் பன்றி அந்த ஊரின் பெருமை. பன்றி என்றதும் நான் திடுக்கிட்டேன். எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் அந்தச் சொல்லையே எடுக்க விடமாட்டார்கள். நேசன் மட்டும் வருடா வருடம் நத்தார்ப் பண்டிகைக்குத் தன் வேதக்காரக் கூட்டாளி வீட்டில் பண்டிக் கறி தின்றுவிட்டு, வாய் நிறையக் கொத்தமல்லியை மென்றுகொண்டு ஒரு பாவமும் அறியாதவன் மாதிரி வந்து நிற்பான். அவனை நினைத்துச் சிரிப்பு வந்தது. தம்பி தின்னலாம், அண்ணன் தின்னக்கூடாதா என்று காலை மடித்து உட்கார்ந்தேன்.

மேசை நடுவில் அடுப்பு. அதன்மேல் சட்டி நிறையத் தெளிந்த சாறு கொதிக்கிறது. கடைக்காரப் பெண்மணி ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தார். கண்ணாடி மாதிரி மெல்லிய சீவல்கள், ரோஜா நிறம், ஓரத்தில் வெள்ளைக் கொழுப்பு. ஒரு சீவலைக் குச்சியால் எடுத்து, கொதிக்கிற சாற்றுக்குள் இப்படியும் அப்படியும் நாலு தரம் அலம்ப வேண்டும். நிறம் மாறிய கையோடு எடுத்து, ஒரு சின்னக் கிண்ணத்தில் இருக்கும் இளஞ்சூடான குழம்பில் தோய்த்து வாயில் போடவேண்டும். அவ்வளவுதான். தூளும் இல்லை, தாளிதமும் இல்லை.

இது என்ன சாப்பாடு, நோய்க்காரர் சாப்பாடு என்றுதான் நினைத்தேன். முதல் துண்டு வாயில் கரைந்தது. கொழுப்பு இனித்தது. பிறகு கோவா இலை, லீக்ஸ், காளான், தோஃபு. ஒவ்வொன்றும் அந்தப் பன்றியின் சாற்றைக் குடித்துக்கொண்டு வந்தது. வற்றாளைக் கிழங்கில் வடித்த சாராயத்தைச் சுடுதண்ணீர் விட்டுத் தந்தார்கள். கடைசியில் அந்தச் சாற்றுக்குள்ளேயே நூடில்ஸைப் போட்டுக் கிளறித் தந்தார்கள். ஏழு வருடத்தில் முதல் தடவையாக ஷிப்ட் இல்லை, கடிதம் இல்லை, ஊர்ச் செய்தி இல்லை. நான் வாய்விட்டுச் சிரித்தேன். சந்தோசமாக இருந்தேன். அதை மறைத்து என்ன பயன், அப்படி ஒரு சாப்பாட்டை அதற்கு முன்னும் சாப்பிடவில்லை, பின்னும் இல்லை.

நாகசோனோ சகோதரர்கள் உண்டா என்று கேட்டார். ஒரு தம்பி, இப்போது வழியில் இருக்கிறான் என்றேன். அதை அவர் கடைக்காரப் பெண்மணிக்குச் சொன்னார். அந்த அம்மா உள்ளே போய் இன்னொரு கிண்ணமும் குச்சியும் கொண்டுவந்து, மேசையில் ஆளில்லாத பக்கத்தில் வைத்தார். அதற்குள் இரண்டு துண்டு இறைச்சியும் கொஞ்சம் சாறும் விட்டார். பயணம் போன ஆளுக்கு வீட்டில் இப்படிப் பங்கு வைத்தால், போன இடத்தில் அவன் பசி கிடக்கமாட்டானாம்.

இல்லாத ஆளுக்கு இலை போடுவது எங்களில் செத்தவருக்கு மட்டும்தான். என் முகத்தைப் பார்த்து நாகசோனோ அவசரமாகச் சொன்னார். யுத்தத்தில் அவருடைய தகப்பனை சைபீரியாவுக்குப் பிடித்துக்கொண்டு போனார்களாம். தாய் நாலு வருடம் கிண்ணம் வைத்தாராம். நாலாம் வருடம் தகப்பன் வாசலில் வந்து நின்று, உள்ளே வந்ததும் முதல் சொன்னது, "சோறு ஆறிப்போச்சே" என்றுதானாம். அவர் சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கிண்ணம் என் கண்ணைக் குத்திக்கொண்டே இருந்தது. அபசகுனம் போலிருந்தது. அவர் கழிப்பறைக்குப் போன நேரம் அதை இழுத்து, இரண்டு துண்டையும் நானே தின்று, சாற்றையும் குடித்துவிட்டேன்.

அப்போது சுவரில் மணி ஏழு. லண்டனில் காலை பத்து.

4

வீட்டுக்கு வந்து சூட்கேசைத் திறக்குமுன்னமே கதையை அவிழ்த்துவிட்டேன். எரிமலை, சாம்பல், சட்டி, அந்தக் கிண்ணம். ஆரணி என் மடியில் இருந்து, அந்தக் கிண்ணக் கதையை மட்டும் மூன்று தரம் சொல்லச் சொன்னாள். பவளம் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பேச்சுவாக்கில் பிள்ளை சொன்னது:

"அப்பா, அம்மா மீன் வாங்கப் போனபோது ஒப்பரேட்டர் போன் பண்ணினவ. நான் நோ சொல்லிட்டன். அவ முடிக்க முதலே சொல்லிட்டன்."

சொக்லேட்டுக்காகக் கையை நீட்டினாள். நான் கொடுத்தேன்.

இரண்டு மாதம் நேசனிடம் இருந்து ஒரு தகவலும் இல்லை. ஏஜென்சிக்காரன் ஆளே மறைந்துவிட்டான். தைப்பொங்கல் முடிந்து ஜெர்மனியில் இருந்து ஒரு பிள்ளை தொலைபேசி எடுத்தான். பாங்கொக்கில் நேசனோடு ஒரே அறையில் இருந்தவன். அவன் சொன்னதை நான் ஒரு சொல்லும் மறக்கவில்லை.

"அண்ணை, அவனைக் கடலாலை போகச் சொல்லி ஏஜென்சிக்காரன் நெருக்கினவன். அண்ணையைக் கேட்டுப்போட்டுத்தான் சொல்லுவன் எண்டு நேசன் பிடிவாதமா நிண்டவன். சனிக்கிழமை லண்டனிலை பத்து மணிக்கு அண்ணை வீட்டிலை நிப்பார் எண்டு நேரம் பாத்துத்தான் போனவன். திரும்பி வந்து சொன்னான், அண்ணை இல்லைப்போல, பிள்ளைதான் எடுத்தது, பிள்ளை நல்லா இங்கிலீஷ் கதைக்குது எண்டு. சரியான சந்தோசம் அவனுக்கு. அடுத்த நாள் அவனோடை ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு போனாங்கள். அதுக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை."

தொலைபேசியை வைத்தபின் நான் சுவரில் தலையை அடித்துக்கொண்டேன். என் தம்பி போகவா வேண்டாமா என்று என்னைக் கேட்க எடுத்திருக்கிறான். வேண்டாம், நில்லடா, நான் வேறு வழி பார்க்கிறேன் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அந்த நேரம் நான் அவனுடைய பங்கையும் சேர்த்துத் தின்றுகொண்டிருந்தேன்.

5

அதற்குப் பிறகு நடந்ததைக் கேட்டால் உங்களுக்கே அலுத்துப்போகும். காணாமற்போனவர்களைத் தேடித்தரும் அலுவலகம் ஒன்றில் ஒரு படிவம் தந்தார்கள். கடைசியாகத் தொடர்பு ஏற்பட்ட நாள் எது என்று ஒரு கட்டம். தொடர்பு ஏற்பட்டதா, நாங்கள்தானே வேண்டாம் என்றோம்? அந்தக் கட்டத்தின் முன் அரை மணித்தியாலம் பேனையோடு இருந்தேன். குரோய்டனுக்குப் போனேன். இந்த நாட்டுக்கு வந்து சேராத ஆளுக்கு எங்களிடம் ஃபைல் இல்லை என்று அங்கே இருந்த பெண் மரியாதையாகத்தான் சொன்னாள். பாங்கொக்குக்குப் போய் வந்த எவனைக் கண்டாலும் இடது புருவத்தில் வெட்டுக்காயம் உள்ள ஒருவனைக் கண்டாயா என்று கேட்டேன். ஆர்ச்வேயில் முருகன் கோயிலில் நேர்த்தி வைத்தேன். நாகசோனோவின் தகப்பன் நாலு வருடத்தில் வந்தார் என்பதைப் பிடித்துக்கொண்டு நாலு வருடம் ஓட்டினேன். ஐந்தாம் வருடம் பிடிக்க ஒன்றும் இருக்கவில்லை.

பவளம் கனவு காண்கிறாள். நேசன் நனைந்த உடுப்போடு வந்து அவளிடம் தலை துவட்டத் துவாய் கேட்கிறானாம். ஆத்துமா சாந்தியில்லாமல் அலையுது, கடமையைச் செய்யுங்கோ என்று அழுகிறாள். அவளைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் திதி வேண்டுமே. ஐயரைக் கேட்டால், இறந்த நாள் தெரியாவிட்டால் கடைசியாகத் தகவல் வந்த நாளை எடுக்கலாம் என்கிறார். அது எந்த நாள்? நான் பன்றி தின்ற நாள். வருடா வருடம் அந்த நாளில் என் கையால் தம்பிக்குப் பிண்டம் வைக்கவேண்டுமாம்!

ஆரணியிடம் நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. சித்தப்பா வழியில் காணாமற்போனார் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும் என்று நினைத்தோம். போன் அடித்தால் நானோ பவளமோ ஓடிப்போய் எடுப்போம். சட்டத்தை நீக்கவும் இல்லை, நீக்கினால் ஏன் என்று கேட்பாள். அவளும் மெல்ல மெல்ல விலகிப்போனாள். தமிழ் பாதி, ஆங்கிலம் பாதி. நாங்கள் வேலையால் வரும்போது போனும் கையுமாக இருப்பாள், எங்களைக் கண்டதும் வைத்துவிடுவாள். பில் வரும் போதெல்லாம் கத்துவேன். ஃப்ரெண்ட்ஸ் என்பாள். இந்த நாடு எங்கள் பிள்ளையையும் கொண்டுபோய்விட்டது என்று பவளத்திடம் புலம்பியிருக்கிறேன்.

6

சனிக்கிழமை சட்டி கொதித்தபோது ஆரணி கிண்ணங்களை வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு எழுந்து போய் நாலாவதைக் கொண்டுவந்து, யன்னல் பக்கம் வைத்தாள். அதற்குள் இரண்டு துண்டு இறைச்சி போட்டுச் சாறு விட்டாள்.

பவளத்தின் முகம் மாறிவிட்டது.

"உந்தக் கிண்ணத்தை எடு பிள்ளை. உயிரோடை இருக்கிற ஆளுக்கு ஆரும் படைக்கிறதே?"

"அப்ப சித்தப்பா உயிரோட இருக்கிறாரா அம்மா? பிறகு ஏன் ஃப்ரைடே ஐயர் வாறார்?"

இது படையல் இல்லை, பயணம் போனவருக்கு வைக்கிறது, அப்பா சொன்ன கதை, அப்பா ஏன் அந்தக் கதையைப் பிறகு சொல்லவே இல்லை என்று ஆரணி தன் பாதித் தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். நான் ஒரு துண்டை எடுத்து அலம்பினேன். தடிப்பாக இருந்தது, கொஞ்சம் இறப்பர் மாதிரித்தான்.

அப்போது போன் அடித்தது. ஆரணிதான் பக்கத்தில் இருந்தாள். நான் எழும்புமுன் எடுத்துவிட்டாள். அந்தப் பக்கத்தில் யார் என்று எனக்கு அடுத்த நொடியே விளங்கியது, ஏனென்றால் அவள் சொன்ன பதில் அப்படி.

"யெஸ். யெஸ், வி அக்செப்ட்."

கேள்வி முடிய முதலே சொன்னாள். பிறகு அவள் குரல் தாழ்ந்தது. "அண்ணா, எங்க நிக்கிறீங்கள்? கீவ்வா? சாப்பிட்டீங்களா? ஓம், அந்த நம்பர்தான். ஓம், நான்தான் தங்கச்சி." ஒரு அறையில் எத்தனை பேர், யாருக்கு என்ன சொல்லவேண்டும் என்று விசாரித்தாள். பழகிய கை என்று தெரிந்தது. கடைசியில் கேட்டாள்.

"அண்ணா, நேசன் எண்டு ஒருத்தர். லெஃப்ட் புருவத்தில வெட்டுக்காயம். ஆராவது கண்டவையா?"

கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு சரியண்ணா என்று வைத்தாள்.

பவளம் வாயில் கையை வைத்தபடி இருந்தாள். எனக்கு அந்த பில்கள் ஒவ்வொன்றும், நான் கத்தியது ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தது. எத்தனை வருடமாக என்று கேட்டேன். பத்து வயதில் இருந்து என்றாள். அந்த போன் கதையை அம்மா கோயில் ஐயரிடம் அழுது சொன்னபோது பக்கத்தில் நின்றாளாம். எங்கள் இலக்கத்தில் ஒரு தங்கச்சி மறுக்காமல் எடுப்பாள் என்று அந்த அறைகளில் எல்லாருக்கும் தெரியுமாம்.

அவள் வந்து தன் கிண்ணத்தின் முன் உட்கார்ந்தாள். குச்சியை எடுத்தாள், வைத்தாள்.

"நான் ஒருக்காத்தான் நோ சொன்னனான் அப்பா."

எட்டு வருடம் அவளுக்குக் கேட்கக்கூடாது என்று நான் பொத்திப் பொத்தி வைத்தது அவளுடைய வாயாலேயே வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை.

"பழக்கினது நான், குஞ்சு. நீ இல்லை. நான்தான்."

"தெரியும்" என்றாள்.

அடுப்பு அணைந்துபோயிருந்தது. பவளம்தான் முதலில் எழும்பினாள். பன்றி என்றால் கிட்டவும் வராதவள், யன்னல் பக்கம் இருந்த நாலாவது கிண்ணத்தைக் கையில் எடுத்தாள். கொண்டுபோய்க் கொட்டப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் ஆறிப்போன இறைச்சியையும் சாற்றையும் சட்டிக்குள் திரும்ப விட்டு, அடுப்பை மூட்டினாள். கொதித்து வரும்வரை நின்றாள். பிறகு கிண்ணத்தை நிறைத்து, ஆவி பறக்க, அதே இடத்தில் வைத்தாள்.

"வெள்ளிக்கிழமை வரவேண்டாம் எண்டு ஐயருக்குச் சொல்லிவிடுங்கோ" என்றாள்.

அலுமினியச் சட்டியை அவள் குப்பையில் போடவில்லை. கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறாள்.